ஐந்தாவது நொடி

ஒரு தாய் மயங்கி விழுந்ததால்தான் கோதை "சரி" என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தாள்.

அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நரம்பு மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. உடம்பில் ஒரு விரல்கூட அசையாமல், ஆனால் தலைக்குள் முழு விழிப்போடு படுத்திருப்பவர்களுக்கான இடம். அவர்களுக்காக வந்ததுதான் 'நாவு' என்ற அப்ளிகேஷன். தலையில் ஒரு வலைக் குல்லாயை மாட்டிவிடுவார்கள். கட்டிலருகே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். சொந்தக்காரர்கள் பொத்தானை அழுத்திக் கேள்வி கேட்டால், நோயாளி மனதுக்குள் சொல்லும் பதிலை அது பிடித்து, அவருடைய பழைய குரலிலேயே பேசும். கேட்டால்தான் பேசும். தானாகப் பேசவிட்டால் மனதில் ஓடுவதெல்லாம் வெளியே கொட்டிவிடும், அப்புறம் ஒரு குடும்பமும் உருப்படாது என்று அப்படி வைத்திருந்தார்கள்.

முதல் மாதம், பைக் விபத்தில் அடிபட்ட ஒருவனின் அம்மா, பொத்தானை அழுத்தி, "அம்மாவைத் தெரியுதா சாமி?" என்று கேட்டாள். மகனின் குரல், அதே இனிமையோடு, "பிழை நேர்ந்துள்ளது. மீண்டும் முயலவும்" என்றது. அந்த அம்மாள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். மூளையின் அலை தெளிவாக வராத நேரத்தில் நாவு என்னதான் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தார்கள். ஜனங்களுக்கு மௌனம் ஆகவில்லை. கடிகாரம் வைத்துப் பார்த்ததில் நாலு நொடி பொறுக்கிறார்கள், அதற்குமேல் "சிஸ்டர், சிஸ்டர்" என்று வராண்டாவுக்கு ஓடுகிறார்கள். "ம்" என்று வைத்தார்கள். அது முனகல் போல இருந்தது. "தெரியவில்லை" என்று வைத்தார்கள். ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. கடைசியில் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த கோதைதான் சொன்னாள், "சரி"ன்னு வெச்சிரலாம் சார் என்று. எந்த வீட்டில், எந்தக் கேள்விக்கும், யாரையும் புண்படுத்தாமல் பொருந்துகிற பதில் அது. கூட்டத்திலிருந்த அத்தனை பேரும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள்.

இரக்கத்தால் எடுத்த முடிவு அது. இந்தக் கதையில் நடந்த கெடுதல் முழுவதும் இரக்கத்தால்தான் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாவை எழுதியது ஏதோ ஒரு பெரிய கம்பெனி. கோதையின் வேலை அதன் உள்ளே. ஒவ்வொரு மண்டையும் ஒவ்வொரு விதம். ஒருவர் மூளையில் "தண்ணீர்" என்று எழும் அலை இன்னொருவர் மூளையில் அப்படி எழாது. அதனால் அலையைச் சொல்லாக மாற்றுகிற குட்டி நிரல், ஸ்கிரிப்ட், ஆளுக்கொன்று எழுத வேண்டும். நாவு ஒரு கணினி மொழியில் ஓடியது. கோதையின் ஸ்கிரிப்ட்டுகள் வேறொரு மொழியில் ஓடின. நாவு வெளியிலிருந்து அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடும், நாலு நொடி காத்திருக்கும், பதில் வந்தால் அதைப் பேசும், வராவிட்டால் "சரி" என்று தானே பேசிவிடும். தானாகச் சொன்ன "சரி"யைக் காட்டிக்கொடுக்கத் திரையோரம் ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருந்தாள். அது என்ன, இது என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டுத் துளைத்ததால் மூன்றாம் வருஷம் அதையும் எடுத்துவிட்டாள்.

எட்டாம் வருஷம் அதே நிலையத்தில் அவளுடைய கணவர் உலகநாதனே வந்து படுத்தார். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை பார்த்தவர். நரம்பு ஒவ்வொன்றாக அவிந்து, கடைசி மாதம் கண் இமையும் நின்றுபோனது. மூச்சை மெஷின்தான் விட்டது. வலி குறையாது, கூடத்தான் செய்யும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மெஷினை நிறுத்துவதா என்று நோயாளியிடம் மூன்று வேளை, சாட்சிகள் முன்னால், நாவு வழியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கோதை கேட்டாள். மூன்று வேளையும் அவர் குரலில் "சரி" என்று வந்தது. வியாழக்கிழமை காலை மெஷினை நிறுத்தினார்கள். மகள் நிரஞ்சனா நார்வேயிலிருந்து சனிக்கிழமைதான் வந்து இறங்கினாள். ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டவள், ஆறு மாதம் அம்மாவோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் தானாகவே கூப்பிட்டு, "அப்பாவே சரின்னுட்டாருன்னா நான் யாரும்மா கேக்கறதுக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லின் மேல்தான் அம்மாவும் மகளும் இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் போன மாதம் குருவம்மாள் கோதையின் அறைக்கு வந்தாள்.

குருவம்மாளின் வீட்டுக்காரர் வேலுச்சாமி, பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக இங்கே படுக்கை. குருவம்மாள் தினம் காலை சுந்தராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் போவாள். நர்ஸுகளிடம் சொல்லிப் பார்த்து, டாக்டரிடம் சொல்லிப் பார்த்து, யாரும் காது கொடுக்காததால் கம்ப்யூட்டர் அம்மாவைத் தேடி வந்திருந்தாள்.

"நாப்பது வருசத்துல எங்கிட்ட ஒருக்காக்கூடச் சரின்னு சொன்னதில்லீங்க அந்த மனுசன். நான் கெழக்கன்னா மேக்கும்பாரு. இப்ப ஒரு வருசமா எதக் கேட்டாலும் சரிங்கறாரு. டிவி போடட்டுங்களான்னா சரி. நிறுத்தட்டுங்களான்னா சரி. அது அவரில்லீங்கம்மா."

நோய் முற்றினால் குணம் மாறும் என்று கோதை சமாதானம் சொன்னாள். குருவம்மாள் நகரவில்லை. குணம் மாறினால் திட்டுவது கூடுமே தவிரக் குறையாது, அவருடைய அப்பனும் அப்படித்தான் என்றாள். கோதை சிரித்துவிட்டு, இவளை அனுப்புவதற்காகவாவது பார்த்துவிடலாம் என்று வேலுச்சாமிக்காக நாவு பேசியதெல்லாம் பதிவாகியிருக்கும் லாகைத் திறந்தாள். போன வருஷம் முழுக்க நாவு பேசியதில் பத்துக்கு ஒன்பது, தானாகச் சொன்ன "சரி".

எப்போதாவது ஒருமுறை வரட்டும் என்று வைத்த சொல் அது. ஸ்கிரிப்ட் பழுதாகிவிட்டதோ என்று ஓட்டிப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. நோய் முற்ற முற்ற வேலுச்சாமி மனதில் சொல் மெதுவாக எழுந்தது, அவ்வளவுதான். ஒரு வாக்கியம் சேர ஒன்பது, பத்து நொடி ஆனது. நாவு நாலிலேயே கடையைக் கட்டிவிட்டது.

குருவம்மாளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று கோதைக்குத் தெரியவில்லை. தெரிந்தமட்டும் சொன்னாள்.

"ஒரு ஆபீஸ்னு வெச்சுக்குங்க. வெளிய ஒரு மேனேஜர். அவருக்கு உங்க வீட்டுக்காரர் பாஷை தெரியாது. உள்ரூம்ல ஒருத்தர் இருக்கார், அவருக்குத் தெரியும். நீங்க கேக்கறத மேனேஜர் உள்ள அனுப்புவார். உள்ள இருக்கறவர் கேட்டு எழுதிக் குடுக்கணும். நாலு நொடிக்குள்ள சீட்டு வரலீன்னா, மேனேஜர் நம்மகிட்ட சரின்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்திருவார்."

குருவம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப உள்ள இருக்கறவரு அப்பறமா எழுதி முடிப்பாருங்கள்ல? அந்தச் சீட்டெல்லாம் எங்கீங்க போகுது?"

பதினோரு வருஷத்தில் கோதை தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. நாவு காத்திருப்பதை நிறுத்திவிடும், உண்மைதான். ஸ்கிரிப்டை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லையே. அது தன்பாட்டுக்கு ஓடி, பதிலை முழுதாகப் பிடித்து, ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுத்தான் ஓயும். அந்தக் கோப்பை வாசிக்க வேண்டியது நாவு. நாவோ எப்போதோ அடுத்த வேலைக்குப் போயிருக்கும்.

தேடினாள். ஆளுக்கொரு கோப்பு, அத்தனையும் இருந்தது.

வேலுச்சாமியின் கோப்பை அவள் வாசிக்க, குருவம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள். தம்பி பேத்தி காதுகுத்துக்குப் போய்வரட்டுமா என்று அவள் கேட்ட அன்றைக்கு, "போ. சன்னலோரம் உக்காராத, சளி புடிக்கும்" என்று இருந்தது. இன்னொரு நாள், "உன்ற முட்டிக்கு டாக்டரப் பாத்தியா?" இன்னொரு நாள், "டிவியத் தொலச்சுத் தலமுழுகு." குருவம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அப்படியே அழுதாள். ஒரு வருஷமாக அவர் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

அன்றைக்கே கோதை வேலுச்சாமிக்கு மட்டும் நாலு நொடி வரம்பை எடுத்துவிட்டாள். இருவரும் கட்டிலருகே போனார்கள். "ஏனுங்க, நாந்தானுங்க" என்றாள் குருவம்மாள். அறையில் மெஷின்களின் மூச்சு மட்டும் கேட்டது. பத்து நொடி என்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பதினொன்றாவது நொடியில் வேலுச்சாமியின் கரகரத்த குரல் வந்தது.

"அது நானில்ல புள்ள. நாஞ் சொல்றதுக்குள்ள அது சொல்லிப்போடுது. நீ எந்திரிச்சுப் போயிர்ற."

கோதை வெளியே வந்து வராண்டாவில் நின்றாள். அவளுக்குப் புரிந்தது. இந்த மனிதர்களின் காது செத்துப்போகவில்லை. தங்கள் சொந்தக் குரல் தங்களை முந்திக்கொண்டு சரி சரி என்று சொல்வதை, ஒன்றும் செய்ய முடியாமல் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் பிரிட்டோ நல்ல மனிதர். உயிரோடு இருப்பவர்களுக்கெல்லாம் உடனே வரம்பை எடுத்துவிடச் சொன்னார். நின்றுபோன கோப்புகள் நாற்பத்தொன்று இருந்தன. இறந்துபோனவர்களுடையவை. அவற்றைத் தொட வேண்டாம் என்றார். கோதை விடவில்லை. குடும்பங்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒருமணிநேரம் வாதாடினார்கள்.

"செத்தவங்க சொன்னத இப்பக் கொண்டுபோய்க் குடுத்தா, அந்த வீட்டுல அப்பறம் யார் நிம்மதியா இருப்பாங்க கோதை?"

"அவங்க சொன்னது அவங்க வீட்டுக்குத்தான் சார் சேரணும். நாம பூட்டி வெச்சுக்கறதுக்கு அது நம்ம பொருளா?"

பிரிட்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, அந்த நாற்பத்தொன்றில் உலகநாதனுடையதும் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டாளா என்று கேட்டார். கோதை இல்லை என்று தலையாட்டினாள். முதலில் அதைப் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறமும் இதையே சொன்னால் தான் குறுக்கே நிற்பதில்லை என்றார்.

நாலு நாள் அவள் அதைத் தொடவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டாள். உலகநாதனுக்கு வேகம் போதாமல் போயிருக்காது என்று சொல்லிக்கொண்டாள். அதுதான் பெரிய பொய். அவரைப் போல மெதுவாகப் பேசுகிற ஆளை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால், யோசித்து அவர் ஆமாம் சொல்வதற்குள் காபி ஆறிப்போகும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று அவளுடைய சித்தப்பா காதில் கேட்டார். முப்பது வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள், அவர் பட்டென்று "சரி" சொன்னபோது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? படவில்லை. ஏன் படவில்லை என்றும் அவளுக்குத் தெரியும். அவர் படுகிற வேதனையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்க முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்க அவள் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், சாப்பாட்டு மேஜையிலேயே கோப்பைத் திறந்தாள். தேதி வாரியாக இறங்கிக் கடைசி இரண்டு நாளுக்கு வந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதல் கேள்வி. "ஏனுங்க, ரொம்ப வலிக்குதுங்களா? மெஷினை நிறுத்தச் சொல்லட்டுங்களா?" நாலாவது நொடியில் நாவு சொன்னது, சரி. பதிமூன்றாவது நொடியில் உலகநாதன் சொன்னது கீழே இருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் தாங்கிக்கறேன். நிரு வரட்டும்."

சாயங்காலம் அதே கேள்வி. நாவு சொன்னது, சரி. பதினொன்றாவது நொடியில் உலகநாதன் சொன்னது.

"நான் சரின்னு சொல்லலை கோதை. நிருவைப் பார்க்கணும்."

மூன்றாவதுக்கு அவளால் போக முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டாள். தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை காய்ந்து விறைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் சாட்சிக்கு நின்ற இரண்டு நர்ஸுகள் தன்னைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் கட்டிலில் இருந்து அதையும் கேட்டிருப்பார்.

அப்புறம் மகளைக் கூப்பிட்டாள்.

நார்வேயில் அப்போது காலை. நிரஞ்சனா கடல் ஆராய்ச்சிக்காரி, சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறவள். நிலையத்தில் கண்டுபிடித்ததைக் கோதை முதலிலிருந்து சொன்னாள். கண்டக்டரைப் பற்றிச் சொன்னாள், நாலு நொடியைப் பற்றிச் சொன்னாள், உள்ரூம் சீட்டுகளைப் பற்றிச் சொன்னாள். பேசப் பேச மறுமுனையில் கரண்டி கலக்குகிற சத்தம் நின்றுபோனது.

"அம்மா. அப்பா சரின்னுதானே சொன்னாரு?"

ஆமாம் கண்ணு என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரிட்டோ அந்தக் கோப்பைப் பார்க்க மாட்டார். உண்மையைச் சொன்னால் மறுபடி மகளை இழக்க வேண்டிவரும், இந்தத் தடவை ஆறு மாதத்தில் திரும்பி வருவாள் என்று ஒரு நிச்சயமும் இல்லை. இரண்டு பேரையும் சும்மா இருக்கவிடுகிற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்தப் பதிலை ஊருக்கே எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

"இல்ல கண்ணு" என்றாள் கோதை. "மெஷின் சொல்லுச்சு. அப்பா சொல்லல."

லேப்டாப்பைத் திறந்து, முதல் பதிலைப் படித்தாள். நிரு வரட்டும் என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டாவதையும் படித்தாள். நிரஞ்சனா, "மூணாவது?" என்று கேட்டாள்.

இன்னும் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை என்றாள் கோதை.

"திறம்மா. நானும் இருக்கேன்."

வியாழக்கிழமை காலை எட்டு மணி. அதே கேள்வி. அதே நாலாவது நொடியில் நாவு சொன்ன அதே சரி. அதன் கீழே உலகநாதன்.

"சரி கோதை."

அவ்வளவுதான் இருந்தது. கோதை பக்கத்திலிருந்த எண்ணைப் பார்த்தாள். ஐந்தாவது நொடி. காபிக்கு ஆமாம் சொல்லவே அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிற மனிதர், பதிமூன்றிலிருந்து பதினொன்றுக்கு வந்து, ஐந்துக்கு ஓடி வந்திருக்கிறார். தன் குரலை ஒருமுறையாவது முந்திவிடப் பார்த்திருக்கிறார். அதற்குள் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சின்னதாக அவரிடம் இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான். அவளுக்காக இறங்கி வந்து சொன்னாரா, கேட்க ஆளில்லை என்று விட்டுவிட்டாரா, அதைச் சொல்ல எந்தக் கோப்பும் இல்லை. ஆனால் அவள் பெயரைச் சேர்த்துச் சொல்லியிருந்தார். நாவு தானாகச் சொல்லும் சரியில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

அதையும் ஃபோனில் படித்தாள். எத்தனையாவது நொடி என்பதையும் சொன்னாள்.

மறுமுனையில் சத்தமே இல்லை. கோதையின் கண் பழக்கதோஷத்தில் சுவர்க்கடிகாரத்துக்குப் போனது. மூன்று நொடி, நாலு நொடி. "சரி விடு கண்ணு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நொடிமுள் பத்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது. மகள் இன்னும் ஃபோனை வைக்கவில்லை. ஏதோ சொல்லப்போகிறாள். திட்டலாம், அழலாம், இனிமேல் கூப்பிடாதே என்றும் சொல்லலாம். கடிகாரத்துக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து, ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோதை அது வரட்டும் என்று காத்திருந்தாள்.